மரைக்காரின் கையொப்பமும் நதீராவின் கடைவாய்ப் பல்லும்

அனுப்புபவர்:
மீ. லெ. கமீலா,
எட்டாம் வகுப்பு,
தைக்காவடி முஸ்லிம் பெண்கள் பாடசாலை,
சாய்ந்தமருது, கல்முனை.

பெறுபவர்:
மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
பாடசாலைப் பற்சிகிச்சைப் பகுதி,
மட்டக்களப்பு.

பொருள்: பிள்ளைகளின் பற்சிகிச்சைக்குச் சம்மதம் பெறுவதில் ஏற்பட்ட தடை பற்றியும், தாய்மாரின் சம்மதத்தை ஏற்குமாறு கேட்டும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இது பெரியவர்கள் எழுதவேண்டிய மனு என்பதை அறிவேன். ஆனால் எங்கள் தெரு ஆண்களில் அநேகர் அறுவடைக்குப் போய்விட்டார்கள். சம்மதப் பத்திரக் கையொப்பங்களைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் தாங்கள் விளக்கம் கேட்டிருப்பதால், அவர் மேற்கொண்டு எதுவும் எழுதத் தயங்குகிறார். நான்காம் வகுப்பில் படிக்கும் என் தங்கை நதீராவோ முந்தாநாள் தொடக்கம் கஞ்சியைக்கூட வாயின் ஒரு பக்கத்தால்தான் குடிக்கிறாள். ஆகையால் நான் எழுதத் துணிந்தேன்.

2. சென்ற மாதம் பல் வைத்தியத் தாதி செல்வி கனகரெத்தினம் எங்கள் பாடசாலைக்கு வந்தார். நாங்கள் அவரை மிஸி என்று அழைப்போம். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளின் வாயைச் சிறு கண்ணாடியால் பார்த்தார். நதீராவின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருந்தது. அது பாற்பல், தானாக விழுந்து வேறு முளைக்கும் என்று உம்மா எண்ணியிருந்தார். அது நிலையான பல் என்றும், போனால் திரும்ப வராது என்றும், உடனே அடைத்தால் காப்பாற்றலாம் என்றும் மிஸி விளக்கினார். அதற்காக ஒரு சம்மதப் பத்திரமும் தந்தார். தந்தை அல்லது பாதுகாவலர் அதில் கையொப்பமிட வேண்டும்.

3. பத்திரம் வீடுகளுக்குப் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. கையொப்பமிட்டால் எல்லாப் பல்லையும் பிடுங்கி விடுவார்கள் என்று சிலர் சொன்னார்கள். மிஸியின் பஞ்சில் ஸ்பிரிற் மணம் இருந்தது. அது சாராயம், பிள்ளையின் வாயில் படக்கூடாது என்று வேறு சிலர் சொன்னார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாத்தும்மா மாமி கிணற்றடியில் நின்று, "புள்ளைக்கு ஏதும் நடந்தா ஆருகா பொறுப்பு? கடதாசியா வந்து பதில் சொல்லப் போகுது?" என்று கேட்டார்.

4. தாங்கள் வேறு இடத்தவராக இருக்கலாம் என்பதால் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்கிறேன். இங்கே பிள்ளைகள் தாயின் குடியை, அதாவது தாய்வழி வம்சத்தை, சேர்ந்தவர்கள். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருக்கிறார். கலியாணம் என்றாலும் பிணக்கு என்றாலும் குடிக்காகப் பேசுகிறவரும் பொறுப்பேற்கிறவரும் அவர்தான். எனவே தாய்மார் பத்திரங்களை எடுத்துக்கொண்டு எங்கள் குடி மரைக்கார் நூஹுலெவ்வை அவர்களிடம் போனார்கள்.

5. அவர் கேள்விப்பட்டதை வைத்து முடிவு சொல்லவில்லை. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பையையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். மருந்துப் போத்தலை முகர்ந்து பார்த்தார். அது குடிப்பதற்கல்ல, கழுவுவதற்கு என்று கேட்டறிந்தார். பின்னர் தையல் மெசின் போலக் காலால் மிதித்துச் சுழற்றும் பல் குடையும் இயந்திரத்தைக் கண்டு சற்றுப் பின்வாங்கினார். யன்னலுக்கு வெளியே நின்ற பெண்கள் சிரித்தார்கள். உடனே அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சிறுபிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து, "இந்தா மிஸி, முதல்ல என்ட வாயைப் பாருங்க. ஒழுங்கான பல்லு ரெண்டு மூண்டு கிடக்கும்" என்றார். மிஸி பார்த்தார். மரைக்கார் எழுந்து வெளியே வந்து, "ஒண்டுமில்லகா, பயப்படாதீங்க. என்ட குடிப் புள்ளையள், நான் பொறுப்பு. பேனையைத் தாங்க" என்று கேட்டு வாங்கி, எங்கள் குடிப் பிள்ளைகள் எல்லாருடைய பத்திரத்திலும் அங்கேயே கையொப்பமிட்டார். பாத்தும்மா மாமிதான் முதலில் தன் மகளின் பத்திரத்தை நீட்டினார்.

6. ஐயா, அந்தப் பத்திரங்கள் யாவும் திரும்பி வந்துவிட்டன. ஒரே கையால் பல தந்தையரின் இடத்தில் கள்ளக் கையொப்பம் இடப்பட்டுள்ளது என்று கூடவந்த கடிதம் கூறுகிறது. அடைப்பதற்கு நாள் குறித்திருந்த பிள்ளைகளை மிஸி வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார். நதீரா வாயைக் கழுவிக்கொண்டு வரிசையில் மூன்றாவதாக நின்றாள். "எனக்கு விளங்குது தங்கச்சி, ஆனா மேலிடத்துக் கட்டளையை மீறேலாது" என்று மிஸி என்னிடம் சொன்னார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் மரைக்கார் தன் பெயரைத்தான் எழுதினார், வேறொருவர் பெயரை எழுதவில்லை. யாரும் காணாமல் எழுதவுமில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு அவர் பாடசாலைத் தெருவால் வருவதில்லை.

7. வாப்பாவின் கையொப்பத்தைப் பெறவும் முயன்றோம். அவர் பட்டிப்பளை ஆற்றுக்கு அப்பால் உள்ள வட்டை என்னும் வயல்வெளியில், நிலச் சொந்தக்காரரான போடியாரின் வயலில் வேலை செய்கிறார். சூடடித்து நெல்லைத் தூற்றி முடியும்வரை களத்தை விட்டு எவரும் வருவதில்லை. நெல் ஏற்றப் போன வண்டிக்காரரிடம் புதிய பத்திரத்தைக் கொடுத்தனுப்பினோம். ஆற்றில் தண்ணீர் கூடியதால் அவர் இக்கரையிலேயே நெல்லை ஏற்றிக்கொண்டு திரும்பி விட்டார். இப்போது தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் வாப்பாதானோ என்று நான் புத்தகத்தை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். மீன் வண்டியாகவோ விறகு வண்டியாகவோ இருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்தால் எந்த வரியில் விட்டேன் என்பது தெரிவதில்லை. நதீரா அழுதால்கூடப் பரவாயில்லை. அவள் கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாள். வீக்கம் நேற்று இரவைவிட இன்று காலை கூடியிருக்கிறது.

8. உம்மா சம்மதம் தருகிறேன் என்று சொன்னதற்கு, தந்தை உயிரோடிருக்கும் பிள்ளைக்குத் தாயின் பெருவிரல் அடையாளம் செல்லாது என்று தங்கள் பகுதியிலிருந்து பதில் வந்தது. நாங்கள் இருக்கும் வீடு உம்மாவின் சீதன வீடு. இதைக் கேட்ட உம்மா, "வீடெழுத என்ட பெருவிரல் காணும். நான் பெத்த புள்ளைட பல்லுக்குக் காணாதா?" என்றார். சட்டத்தில் இதற்கு விடை இருக்கலாம். நான் படித்த புத்தகங்களில் இல்லை. கடலிலும் வயலிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பல்வலி வரும்போது வீட்டில் இருப்பவர் தாய்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

9. நோன்புக்காகப் பாடசாலை மூட இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது. அதற்கு முன்னர் மிஸி அக்கரைப்பற்றுக்கு மாறிப் போவார் என்கிறார்கள். ஆகையால் தாங்கள் தயவுசெய்து,

தந்தை ஊரில் இல்லாதபோது தாயின் கையொப்பத்தையோ பெருவிரல் அடையாளத்தையோ தலைமை ஆசிரியரின் சாட்சியத்துடன் ஏற்கும்படி கட்டளையிட வேண்டும்;

நூஹுலெவ்வை மரைக்கார் அவர்களைப் பற்றி எழுதிய சொல்லைத் திரும்பப் பெற வேண்டும். அவர் சொன்னதால்தான் தாய்மார் பயம் தெளிந்தார்கள். அவர் தலைகுனிந்தால் அடுத்த முறை ஒரு பிள்ளையும் வாய் திறக்காது;

மிஸி புறப்படுமுன் எங்கள் பாடசாலைக்கு இன்னும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

10. தங்கள் பதில் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. உம்மா அதுவரை பொறுக்கமாட்டார். வரும் புதன்கிழமை காலை திரை கட்டிய வண்டியில் நதீராவை ஏற்றிக்கொண்டு மிஸி தங்கியிருக்கும் கல்முனைச் சிகிச்சை அறைக்குப் போகப்போகிறார். வாப்பா இல்லாமல் உம்மா ஊரைத் தாண்டுவது இதுவே முதல் தடவை. வாசிக்கவும் பேசவும் துணையாக நானும் போவேன். பல்லை அடைக்கக் காலம் கடந்துவிட்டதென்றால் பிடுங்குவதற்கும் உம்மா சம்மதிக்கிறார். அந்த வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று மிஸிக்கு ஒரு தந்தியாவது கொடுக்குமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சாய்ந்தமருது,
8.3.1958.

தங்கள் கட்டளையை எதிர்பார்த்திருக்கும்,
மீ. லெ. கமீலா

மேலே எழுதியதை என் மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். சம்மதம்.
ஆதம்பாவா றாபியா உம்மா (இடது பெருவிரல் அடையாளம்)