கரைந்தது என்று நான் எழுதிய தட்டு

அண்ணை,

இன்று காலை பூசைப் பூவுக்கென்று நந்தியாவட்டை நடக் கிணற்றடியில் குழி வெட்டினேன். மண்வெட்டி எதிலோ டொக்கென்று பட்டது. பிடுங்கிக் கழுவிப் பார்த்தால் உங்கள் தட்டு. ஆஸ்பத்திரியில் நோயாளியின் வாந்தியை ஏந்துகிற அந்த வளைந்த தட்டு. மூன்று மாரி மண்ணுக்குள் கிடந்தும் விளிம்புகூட மழுங்கவில்லை. உங்கள் சாம்பல் கீரிமலைக் கடலில் ஒரு நொடியில் கரைந்து போயிற்று.

வெளிநாட்டில் காருக்குள் பொருத்தும் நார்ப்பலகை செய்து பழகி வந்தவர் நீங்கள். இங்கே பனந்தும்பு நாரையும் கஞ்சிப் பசையையும் சேர்த்து அச்சில் அமுக்கி, மண்ணோடு மண்ணாகும் தட்டு என்றீர்கள். கஞ்சியின் பதம் கண்டவள் நான். கிணற்றடியில் புதைத்த தட்டுகளை வெள்ளிதோறும் தோண்டிப் பார்த்து, பால்கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதியவளும் நான். வந்தவர்களுக்கு என்னை எப்படிக் காட்டினீர்கள்?

"உவதான் எங்கடை ஆய்வுகூடம். கிணத்தடியிலை இருக்குது, சாறியும் கட்டியிருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். தேத்தண்ணியை நீட்டியபடி நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக உங்களை மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை.

முதல் தட்டு ஒரே மாரியில் கரைந்தது. ஆனால் சுடுநீர் பட்டால் ஒழுகியது. நீங்கள் மேலே பளபளவென்று ஒரு பூச்சுப் பூசினீர்கள். ஒழுகுவது நின்றது, கரைவதும் நின்றது. வாங்க வருகிறவர்கள் வருவதற்கு முதல்நாள் கொப்பியை என் முன்னால் வைத்தீர்கள்.

"கரைஞ்சது எண்டு எழுது, பிள்ளை."

"கரையேல்லையே அண்ணை. நேற்றும் கிண்டிப் பாத்தனான்."

"நாளைக்குக் கரையப்போறதை இண்டைக்கு எழுதுறாய். உதிலை என்ன பொய்?"

"அப்ப நாளைக்கு எழுதுறன்."

"அண்ணன்ரை பிழைப்பிலை மண் போடாதை."

எழுதினேன். அரைப் போத்தல் பாலைக்கூடக் கூட்டி எழுதாத கை. அன்று பிள்ளையாருக்கு விளக்கேற்றும்போது விரலில் மை ஒட்டியிருந்தது, கும்பிடக் கூசியது.

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒரு மருத்துவமனை உங்கள் தட்டுகளை வாங்கியது. பாவித்தவற்றைப் பசளையாகட்டும் என்று புத்தூரில் ஒரு தோட்டக் காணியில் தாட்டார்கள். இப்போது உழவு மெஷின் இறங்கும்போதெல்லாம் பிறை பிறையாக மேலே வருகின்றன. காணிக்காரர் வாசல் படலையில் நின்று என்னிடம் கேட்டார்:

"அக்கா, உங்கடை அண்ணை விதைச்சது நல்லா முளைக்குது. எப்ப அறுவடை?"

உங்களிடம் வந்து சொன்னேன். கட்டிலில் படுத்தபடி, "புத்தூர் மண் சரியில்லை" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னோடு கடைசியாகக் கதைத்தது. சாகப்போகும்போதும் மண்ணின் மேல்தான் பழி.

முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலருக்கு, உங்கள் மனைவி அந்தக் கொப்பிப் பக்கத்தைக் கேட்கிறா. "உம்மடை கையெழுத்திலை இருக்கிறதுதான் வடிவு, மச்சாள்" என்கிறா. மேலே "மண்ணை நேசித்தவர்" என்று தலைப்பாம்.

'கரைந்தது' என்ற சொல்லைச் சற்று முன் குறுக்கே கீறினேன். கீழே, "கரையவில்லை. இன்று காலையும் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இந்தப் பக்கத்தைத்தான் கொடுத்தனுப்புகிறேன். அச்சடிக்க மாட்டா என்று தெரியும். காணிக்காரருக்கும் ஒரு பிரதி போகிறது.

தட்டை எறிய இடம் தேடினேன். எங்கே எறிந்தாலும் அது அங்கே இருக்கும். அடுப்படி யன்னலில் வைத்திருக்கிறேன், அண்ணை.