அம்மாச்சி எங்கே என்று எமி கேட்டால்

அக். 14, திங்கள்
விடியலிலிருந்து தூறல். ராஜபாளையத்தில் பட்டறையைப் பூட்டிவிட்டு ஏழு மணி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள். புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டதாம். டாக்டர் எனக்கு நாற்காலி போட்டுச் சொன்னார். வேறு யாருக்கும் இந்த மரியாதை இல்லை.

அக்கா கட்டளை: "ஜெபாட்ட மூச்சு விடாதலே. பிள்ளையப் பெத்து எந்திரிக்கட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்."

ஜெபா அக்கா மகள். லண்டனில். ஏழாம் மாதம், படுக்கையை விட்டு எழக்கூடாது. தினமும் போன். பேசுவது அவள் மகள் எமி, நாலு வயசு, தமிழ் கிடையாது. எடுத்ததும் ஒரே கேள்வி, அம்மாச்சி எங்கே.

இங்கிலீஷ் எனக்குப் புதுசில்லை. மில்லில் மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரனுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அக். 15, செவ்வாய்
பக்கத்து வீட்டு டீச்சர் எழுதிக்கொடுத்தது, சும்மா சரிபார்க்க:
சர்ச்சில் – அட் சர்ச்
கடைத்தெருவில் – அட் த மார்க்கெட்
ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் – இன் ஹாஸ்பிடல்
வீட்டில் – அட் ஹோம்
வீட்டுக்குப் போக – கோ ஹோம். முன்னால் எதுவும் வேண்டாம்.

"வீட்டுக்கு மட்டும் ஏன் டீச்சர் ஒண்ணும் வேண்டாங்குது?"

"அது அப்படித்தான் அண்ணாச்சி. மனப்பாடம் பண்ணிக்கோங்க."

மூன்றாம் வரியை அடித்துவிடச் சொன்னேன். அடித்தார். ஏன் என்று கேட்கவில்லை.

மாலை எமி போன். வார்டு வாசலில் நின்று "அட் சர்ச்" என்றேன். செவ்வாய்க்கிழமை என்ன சர்ச் என்று போனில் எமிக்குப் பின்னாலிருந்து ஜெபா. பெண்கள் உபவாசக் கூட்டம், நாலு ஊர்ச் சபை, அக்காதான் தலைமை என்றேன். அக்காவிடம் சொன்னதும் சிரிக்கப் பார்த்தாள். இருமல்.

அக். 17, வியாழன்
மழை. அக்கா சாப்பிட்டது அரை இட்லி. வாங்க: இளநீர், பஞ்சு.

எமி கேட்டதற்கு இன்று அக்காவை அய்யனார் கோவில் அருவிக்கு அனுப்பிவிட்டேன். ஜெபா போனைப் பிடுங்கினாள்.

"தூறலுக்கே தலையில துண்டு போடுத அம்மாவா மாமா அருவிக்குப் போனா?"

"போனாளே. பாறை மேல ஏறில்லா நின்னா."

"அம்மா போன் எப்ப ரிப்பேராகி வரும்?"

சனிக்கிழமை என்றேன். அந்த போன் என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது.

அக். 19, சனி
நல்ல வெயில். டாக்டர் இன்று நாற்காலி போடவில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க." எம்புட்டு நாள் என்று கேட்டேன். ஃபைலைப் புரட்டினார்.

அக்காவிடம், "குணமாயிட்டாம்க்கா. டாக்டருக்கே ஆச்சரியம்."

"ஏலே, எங்கிட்டயுமா?"

ஆட்டோவில் வீடு வரும்வரை நான் வாய் திறக்கவில்லை. என் ஆயுசில் முதல் தடவை.

அக். 20, ஞாயிறு
சர்ச் மணி. ஜன்னலோரம் அக்கா கட்டில். எமி போன்.

அட் ஹோம் என்றேன். மேலே ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க வரவில்லை.

வீடியோவில் காட்டு என்றாள் எமி. பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடச் சொல்லி வைத்துவிட்டேன்.

"தலையச் சீவி விடுலே. பிள்ள பாக்கட்டும்."

"ஜெபாவும் பாப்பாக்கா."

"பாக்கட்டும்."

ஏழு நிமிஷம் போயிற்று. சீப்பு எங்கே வைத்திருப்பாள்.