இரண்டு நிமிடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா பிரஷர் மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா?

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. இங்கே பார்சல் வேனை நிறுத்த இடமே கிடைப்பதில்லை. போன செவ்வாய்க்கிழமை, இரண்டே நிமிடம்தானே என்று நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டு நாலாவது மாடிக்கு ஓடினேன். லிஃப்ட் ஓடவில்லை. இறங்கி வந்து பார்த்தால் வேனுக்குப் பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் தெருமுனை வரை கார்கள்.

பஸ் டிரைவர் இறங்கி வந்து பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, உனக்கு ரெண்டு நிமிஷம். என் பஸ்ல இருக்கிற அறுபது பேருக்கும் ஆளுக்கு ரெண்டு நிமிஷம். யோசிச்சியா?"

அச்சு அசலாக நீங்கள்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய நீங்கள், தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து என்னைப் போன்ற வண்டிக்காரர்களைத்தானே திட்டுவீர்கள்! வேனை எடுக்காமல் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன்.

"திட்டினா சிரிக்கிறியே, வண்டிய எடுய்யா முதல்ல!" என்றார்.

இப்போதெல்லாம் தள்ளி நிறுத்திவிட்டுப் பெட்டிகளோடு நடக்கிறேன். உங்கள் பழைய முழங்கால் பட்டை இருந்தால் அனுப்பிவையுங்கள். இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்தால், "அம்மாகிட்ட தரேன்" என்று உடனே கொடுத்துவிடாதீர்கள். இரண்டு நிமிடம் பேசுங்கள் அப்பா. திட்டினாலும் சரி.

அடுத்த பார்சலுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
வழியை மறித்த வண்டிக்காரன்