கனகர் வீட்டில் பொரித்த குஞ்சுகள்

இஞ்சாருங்கோ,

எங்கே இருந்தாலும் ஒருக்கால் காது கொடுங்கள். பேப்பரை இறக்காமலே "ஓம், சொல்லும்" என்பீர்களே, அப்படிக் கேட்டாலும் போதும். உங்கள் பெட்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கரண்ட் இல்லாத ஊரில், கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்க வைக்கிறேன் என்று நீங்கள் தொடங்கியபோது நான் சிரித்தேன். ஒரு தேயிலைப் பெட்டி, சுற்றிவரச் சாக்கு, ஈரத்துக்கு மீன் டின்னில் தண்ணீர். வெளியே எரியும் மண்ணெண்ணெய் விளக்கின் சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே போகும். முட்டைக்குள் உயிர் பிடித்ததா என்று பார்க்க டோர்ச்சுக்குப் பட்டரி இல்லை. சைக்கிளை அறைக்குள் கொண்டுவந்து ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றும் வேலையை எனக்குத் தந்தீர்கள். டைனமோ வெளிச்சத்துக்கு நேரே முட்டையைப் பிடித்துக்கொண்டு, "கெதியாச் சுத்துமப்பா, நரம்பு தெரியுது" என்றீர்கள். எட்டிப் பார்த்தேன். சிவப்பு நூல் மாதிரி ஏதோ ஒன்று ஓடியது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

குஞ்சுகள் வர ஓரிரு நாள் இருக்கும்போதுதானே நீங்கள் போனீர்கள். காலையில் விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்தீர்கள். வாசலில் கார் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் தம்பி வல்வெட்டித்துறையில் இருந்து சைக்கிளில் வந்து சேரவேண்டும் என்று, உங்களைச் சுடலைக்கு எடுப்பதை மறுநாளுக்குத் தள்ளினார்கள்.

நான் உங்கள் தலைமாட்டில் இருந்து அழுதேன். உண்மையைச் சொல்கிறேன், அழுகைக்கு நடுவில் முட்டைகளின் நினைப்பும் வந்துகொண்டே இருந்தது. சூடு குறைந்திருக்குமோ? தண்ணீர் வற்றியிருக்குமோ? புருஷன் கிடக்கும்போது கோழி முட்டையை நினைக்கிற பெண் நானாகத்தான் இருப்பேன்.

உங்கள் அக்காவின் கண்ணில் அந்த விளக்கு பட்டுவிட்டது.

"பிரேதம் கிடக்கிற வீட்டிலை அடுப்பே மூட்டுறேல்லை. தலைமாட்டு விளக்கைத் தவிர வேறை நெருப்பு என்னத்துக்கு? நூத்துவிடு" என்று அணைக்கச் சொன்னார்.

"மச்சாள், அது உங்கடை தம்பி கொளுத்தின விளக்கு. நான் நூக்கமாட்டன்."

பந்தல் முழுவதும் எங்களைப் பார்த்தது. மச்சாள் கெட்டவர் இல்லை, உங்களுக்குத் தெரியும். தம்பி போகிற வழியில் ஒரு குறையும் வரக்கூடாது என்ற பயம் அவருக்கு. எனக்கு வேறு பயம். நீங்கள் கடைசியாகக் கை வைத்த வேலை அது. அதையும் குளிர விடுவதா?

அப்போதுதான் பந்தலின் ஓரத்தில் இருந்து கனகர் எழும்பி வந்தார். ஓம், அதே கனகர்தான். ஒரு வருடம் வேலி அடைக்கும்போது கதியால் தடிகளை எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டார் என்று நீங்கள் முகம் பாராமல் இருந்தீர்களே, அவர். செத்த வீடு என்றபடியால் வந்திருந்தார்.

"தங்கச்சி, பெட்டியை எங்கடை பக்கம் தாங்கோ. எங்களுக்குச் செத்த வீட்டுத் துடக்கு இல்லைத்தானே" என்றார்.

மச்சாள் தலைமாட்டு விளக்கின் திரியைத் தூண்டப் போய்விட்டார். படலையைத் திறந்து வெளியே சுற்றிப் போனால் ஒழுங்கை முழுக்கக் கல்லும் காற்றும், விளக்கு நின்றுவிடும். கனகர் கத்தியை எடுத்துவந்து வேலிக் கட்டுகளை அறுத்தார். இரண்டு கதியாலைப் பிடுங்கினார். கோர்ட்டுக்குப் போகப்போகிறேன் என்று நீங்கள் நின்று கத்திய அதே இடம்தான். அவரும் பெண்சாதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, விளக்கு எரிந்தபடியே, தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிறமாதிரிப் பெட்டியைக் கொண்டுபோனார்கள்.

உங்களை எடுத்து முடிந்து வீடு அமைதியாகக் கிடந்தபோது வேலிக்கு அப்பால் கீச்சுக் கீச்சென்று கேட்டது. துடக்கோடு நான் அங்கே போகமுடியாது. கனகரின் பெண்சாதி வேலி இடைவெளியில் வந்து நின்று, ஒரு குஞ்சைக் கையில் உயர்த்திக் காட்டினார். மண்ணெண்ணெய் கிடைக்காத இந்த நேரத்தில் விளக்குக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "எங்கடை விளக்கிலை இருந்ததை ஊத்தினனாங்கள். சாப்பாட்டை இருட்டுக்குள்ளை சாப்பிட்டாலும் வாய் தெரியும்தானே" என்றார். அன்றைக்கு நான் அழுதது உங்களுக்காக மட்டும் இல்லை.

சில முட்டைகள் கூழாகிவிட்டன. மற்றவை நல்ல குஞ்சுகள். ஆனால் பொரித்தவுடன் கண்டது கனகரை என்றபடியால் அவர் பின்னாலேயே ஓடித்திரிகின்றன. மாலையில் வேலியால் எங்கள் முற்றத்துக்கு வருவார், எல்லாம் வரும். அவர் திரும்பினால் எல்லாம் திரும்பிவிடும். நீங்கள் பார்த்திருந்தால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

போன கிழமை கனகர் வீட்டார் வேலி அடைக்க ஆள் பிடித்தார்கள். கனகர் வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, அவர் சொன்னது சரி. நான் தள்ளித்தான் நட்டனான். அவரோடை ஒருக்கால் கதைச்சிருக்கலாம்."

கேட்டதா உங்களுக்கு? இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருடம் காத்திருந்தீர்கள். அது உங்கள் காதுக்கு வராமல் என் காதுக்கு வந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"கதியாலை அவர் சொன்ன இடத்திலையே நடுங்கோ அண்ணை. ஆக்கள் நுழைஞ்சு வந்துபோக வேலியிலை ஒரு பொட்டு மட்டும் விடுங்கோ" என்றேன்.

நட்டாயிற்று. உங்கள் முழம் உங்களுக்கு வந்துவிட்டது. பொட்டைத் திறந்து வைத்ததற்குக் கோபித்தால் கோபியுங்கள். நான் இருக்கும்வரை அதை அடைக்கவிடமாட்டேன்.

பெட்டி திரும்பி வந்து, புது முட்டைகளும் வைத்தாயிற்று. நேற்று சைக்கிளை அறைக்குள் கொண்டுவந்தோம். பெடலைக் கனகர் சுற்ற, முட்டையை நான் பிடித்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது. "கெதியாச் சுத்துங்கோ அண்ணை, நரம்பு தெரியுது" என்று என் வாயில் வந்தது, உங்கள் குரலிலேயே.

உங்கள் விளக்கை நூக்காத
உங்கள் பெண்சாதி