சனீஸ்வரனுக்கு ஒரு கிரேக்கச் சாடி

1962 செப்டெம்பர் 17, திங்கள்

துறைமுகத்தில் அரிசி மூட்டை எண்ணி எண்ணிக் கண் பூத்துவிட்டது. பின்னேரம் லோஞ்ச் படகு ஓட்டும் ஸஹாப்தீன் ஒரு சாமான் தந்தார். கிரேக்கக் கப்பலில் சமைக்கிற குசினிக்காரன் அவருக்குக் கொடுத்த எண்ணெய்ச் சாடி. அவர்கள் நாட்டுப் பழங்காலச் சாடி ஒன்றைப் பார்த்து அச்சொட்டாகச் செய்ததாம். ஒரு சாண் உயரம், ஒற்றைக் கைபிடி, ஒடுங்கிய கழுத்து. வெள்ளை உடம்பில் மெல்லிய கறுப்புக் கோட்டில் ஒரு பெண் கூடையோடு நிற்கிறாள். "எங்கட ஊட்டுல வைக்க இடமில்ல, நீங்க வெச்சுக்கங்க" என்றார். அழகென்றால் அப்படி ஓர் அழகு.

செப்டெம்பர் 19

பாலையூற்றுக்குப் பெண் பார்க்கப் போனேன். அன்னலட்சுமி. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறாள். எனக்குப் பிடித்துவிட்டது, சும்மா அல்ல, நன்றாகவே. தாயாருக்குத்தான் யோசனை. நான் கும்பராசி, ஏழரைச் சனி நடக்கிறது.

"புரட்டாதிச் சனி நாலுக்கும் எங்கட கோயில்ல சனீஸ்வரன்ர விளக்குக்கு ஒரு சாடி நல்லெண்ணெய் உங்கட கையால ஊத்துங்கோ தம்பி. பிறகு கதைப்பம்."

பிசகினால் மல்லாகத்து றோட்டு ஓவசியர் மாப்பிள்ளை ஒருவரின் சாதகம் அலுமாரிக்குள் தயாராக இருக்கிறது.

எந்தச் சாடி என்று அவர் சொல்லவில்லை. கிரேக்கச் சாடியையே கொண்டுபோவேன், சித்திர ரீச்சர் பார்க்கட்டும்!

செப்டெம்பர் 22, சனி

எண்ணெய் நூலாக இறங்கியது. வார்த்து முடியக் கை உளைந்துவிட்டது. தாயார் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, "எவ்வளவு நேரம் வாக்கிறார், நல்ல பக்தி" என்றார். நான் விளக்கை எங்கே பார்த்தேன்? அன்னலட்சுமி சாடியைப் பார்த்தாள். என்னையும் ஒரு தரம்.

செப்டெம்பர் 29

இன்று இரண்டு தரம்.

ஒக்டோபர் 6

மூன்றாம் சனி. அவள் சிரித்தாள். ஏன்? சட்டைப் பொத்தானெல்லாம் சரியாகத்தானே இருந்தது.

ஒக்டோபர் 11, வியாழன்

நாலு சனிக்கென்று வாங்கிய போத்திலில் எண்ணெய் முக்காலுக்கு மேல் மிச்சம் கிடக்கிறது. இதென்ன கணக்கு? சாடிக்குள் தேக்கரண்டியால் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். எட்டுக் கரண்டியில் வழிகிறது! ஈர்க்கை விட்டேன், நாலு விரற்கடையில் முட்டி நின்றது. சாடி செய்தவன் உள்ளே கழுத்தோடு ஒரு சின்னக் கிண்ணத்தை ஒட்டி வைத்திருக்கிறான். மிச்சமெல்லாம் வெறும் வயிறு.

ஸஹாப்தீனிடம் ஓடினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "குசினிக்காரன் சொன்னவன்தான். முந்தின காலத்துல மையத்துக்கு வைக்கிற சாடியாம். மையத்து அளந்தா பாக்கப் போகுது? நீங்க அலுமாரில வைப்பீங்க எண்டு நெனச்சன்."

ஐயோ. செத்தவர்களுக்கு வைக்கிற சாடி! அதிலும் அளவில் களவு. மூட்டைக் களவு பிடிக்கிறவன் நான், சனீஸ்வரனுக்கே விளையாட்டுக் காட்டியிருக்கிறேன். ஏழரை இனிப் பதினைஞ்சாப் போகப்போகுது.

சொன்னால் ஓவசியர். சொல்லாவிட்டால்— அவளுக்கு ஒளிச்சுப்போட்டோ தாலி கட்டுறது? ஏலாது. எனக்கு ஏலாது.

ஒக்டோபர் 13, சனி

தாயார் ஐயரிடம் போன நேரம் பார்த்து அன்னலட்சுமியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எனக்கு முதற் சனியே தெரியும்" என்றாள். "விளக்கின்ர அடிகூட நனையேல்லை. நீங்கள் பஸ் ஏற முன்னம் அணைஞ்சு போச்சு."

"பிறகு?"

"பிறகென்ன, வீட்டை ஓடிப்போய்ப் போத்திலைக் கொண்டுவந்து நான் விட்டனான். மூண்டு சனியும்."

"அம்மாவுக்குத் தெரியாதோ?"

"எண்ணெய் குறையுது எண்டு பூனையை ஏசுறா."

சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "ஏன் அப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டேன்.

"மல்லாகம் சரியான தூரம்" என்றாள்.

என் போத்திலில் இருந்த அவ்வளவையும் விளக்கில் ஊற்றினேன். சாடி பக்கத்தில் சும்மா இருந்தது.

ஒக்டோபர் 18

ஓவசியரின் சாதகம் தபாலில் திரும்பிப் போய்விட்டது. தையில் நாள் வைத்தாயிற்று. தாயாரை இன்றுதான் முதல் தடவையாக மாமி என்று கூப்பிட்டேன். வாயில் இனித்தது.

பூனைக்கென்று அரை றாத்தல் கீரிமீன் வாங்கிக்கொண்டு போனேன். "இந்தக் கள்ளப் பூனைக்கு ஏன் தம்பி?" என்று மாமி கேட்டார். அன்னம் குசினிக்குள் ஓடிவிட்டாள்.