நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல் விட்ட படம்

என் அன்பு மச்சாள், செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு இடப்பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு,

போன செவ்வாய் நான் தனியாகப் படத்துக்குப் போனேன். நீங்கள் செத்த பிறகு இதுதான் முதல் தடவை. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் இன்றைக்கும் எனக்குச் செவ்வாய்தான் லீவு. வீட்டில் இருந்தால் என் புருசனின், அதுதான் உங்கள் தம்பியின், முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மாதமாக அவர் எனக்கு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படம் ஆங்கிலப் படம், விஞ்ஞானக் கதை, மூன்று மணித்தியாலம். பூமி பழுதாகிப் போய்விட்டது. இப்போது வருகிற விஞ்ஞானப் படம் எல்லாவற்றிலும் அது பழுதாகித்தான் இருக்கிறது. நாற்பது பேர் ரொக்கற்றில் ஏறி வேறு கிரகம் தேடிப் போகிறார்கள். வெளிக்கிடும்போது ஆளாளுக்கு ஐந்து நிமிடம் அழுகை, பின்னால் வயலின். நாங்கள் வெளிக்கிட்டபோது யார் வயலின் வாசித்தது?

போய் இறங்கின கிரகத்தில் கேள்வி கேட்க ஓர் அதிகாரி இல்லை. விரல் அடையாளம் எடுக்க ஆள் இல்லை. கதவைத் திறந்தார்கள், இறங்கினார்கள், கொடியை நட்டார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், “உவையளுக்கு ஒரு இன்ரவியூவும் இல்லையே?” என்று தியேட்டர் முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொல்லியிருப்பீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக் கிள்ளியிருப்பேன்.

அந்தப் படத்தில் கதாநாயகனின் செத்துப்போன மனைவி ரொக்கற்றின் கொம்பியூற்றருக்குள் இருந்து பேசுகிறாள். அச்சொட்டாக அதே குரல், அதே கொஞ்சல். அவன் உருகிப்போகிறான். முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. செத்தவர்களை அப்படி அச்சொட்டாகக் கொண்டுவர முடியாது என்று எனக்குத் தெரியும். உங்களை வைத்துச் செய்துபார்த்தார்கள், மச்சாள்.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் இருந்து சொல்கிறேன்.

பதினொரு வருடம் செவ்வாய்க்கிழமைகளில் பத்து மணிக்கு நான் வெக்ஸ்போர்ட்டில் உங்கள் கட்டட வாசலில் காரை நிறுத்துவேன். நீங்கள் கைப்பைக்குள் ஈயத்தாளில் சுற்றிய மட்டன் றோல்ஸ், ஆளுக்கு இரண்டு, ஒரு சின்னப் போத்தலில் பிளேன்ரீ எல்லாம் ஒளித்துக்கொண்டு வருவீர்கள். ரிக்கெற் கிழிக்கிற பிள்ளைக்குக் கறிவாசம் தெரியாமல் இருக்க உங்கள் சால்வையால் பையை மூடுவீர்கள். அந்தப் பிள்ளைக்கு எப்போதோ தெரியும். பாவம், சிரித்துக்கொண்டு விட்டுவிடும்.

படம் முடிந்து காருக்குள் ஏறினால்தான் எனக்கு உண்மையான படம் தொடங்கும். பெல்ற் போடமுதல் உங்கள் தீர்ப்பு. காலத்தில் பின்னால் போய் எல்லாவற்றையும் திருத்தப் பார்த்துக் குழம்பின விஞ்ஞானியைப் பற்றி, “இவ்வளவு படிச்சவன், போக முதல் ஒரு கொப்பியில எழுதிக்கொண்டு போகக்கூடாதே?” என்றீர்கள். நான் அன்றைக்குச் சிவப்பு விளக்கில் நின்றும் சிரித்தேன், பச்சை விழுந்தும் சிரித்தேன். பின்னால் நின்றவன் கோர்ன் அடித்தான்.

தமிழ் விஞ்ஞானப் படங்களில் உங்களுக்கு வேறு கோபம். கதாநாயகன்தான் விஞ்ஞானி, அவனேதான் வில்லன், அவனேதான் ரோபோ. கதாநாயகிக்கு ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டு ஒரு பட்டனை அமத்த விடுவார்கள், பிறகு பனிமலையில் பாட்டு. “படிச்ச பிள்ளையை ஏன் குளிருக்குள்ள ஆடவிடுறாங்கள்?” என்பீர்கள். பகிடிப் படங்களுக்கு நீங்கள் தாராளம். மனைவிக்குப் பயந்த புருசன், கன்னத்தில் விழுகிற அறை, உடம்பு பெருத்தவர் கதிரையில் இருக்க அது முறிகிறது. இதே மூன்றையும் திருப்பித் திருப்பி எடுக்கிறார்கள் என்று நான் பொருமுவேன். உங்களுக்கு நாலாவது தரமும் சிரிப்பு வரும்.

அந்தச் செவ்வாயும் பகிடிப் படம்தான். மாசிமாதக் குளிர். தியேட்டரில் முக்கால்வாசியும் எங்கள் ஆட்கள். இடைவேளைக்குப் பிறகு ஒரு பகிடி நடிகன் அகதியாக வந்தான், எங்கள் ஊர் அகதி. கிழிந்த சாரம், கையில் பொட்டலம். அவன் எங்கள் தமிழைக் கதைக்கத் தொடங்கினான். ஒவ்வொரு வசனத்தையும் இழுத்து, மூக்கால் பேசி, கழுத்தை ஆட்டி. படத்தில் அவன் போய்ச் சேர்ந்த வீட்டுக்காரர் அவனைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துச் சிரித்தார்கள். தியேட்டரும் சிரித்தது.

உங்களுக்குத் தெரியும், மச்சாள். வேறு ஒருவருக்கும் சொல்லாததை உங்களுக்குத்தான் சொல்லியிருந்தேன். கனடா வரமுதல் சென்னையில் இருந்த ஒன்றரை வருடத்தில், பதினாறு வயதில், நான் பால் வாங்கப் போன கடையில் கடைக்காரன் என்னை ஒவ்வொரு நாளும், “இன்னொரு தரம் சொல்லும்மா” என்று கேட்பான். நான் சொல்வேன். கடையில் நிற்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். கடைசியில் நான் வாயைத் திறப்பதை விட்டுவிட்டு விரலால் காட்டி வாங்கத் தொடங்கினேன். அதைச் சொன்ன அன்று நீங்கள் அழுதீர்கள்.

அந்த நீங்கள்தான் என் பக்கத்தில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கண்ணால் தண்ணீர் ஓட, தொடையில் தட்டித் தட்டி. என் தோளைப் பிடித்து உலுக்கி, “ஐயோ மச்சாள், பாருங்கோவன் உவனை” என்றீர்கள்.

ரொய்லற்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எழும்பினேன். ஜக்கெற்றையும் எடுத்துக்கொண்டு போனதை நீங்கள் கவனிக்கவில்லை. நேரே காருக்குப் போனேன். காரை எடுத்தேன். வீட்டுக்கு வந்தேன்.

அரை மணித்தியாலம் கழித்துப் போன் அடித்தது. எடுக்கவில்லை. பிறகு உங்கள் குரல் செய்தி ஒன்று வந்து விழுந்தது. கேட்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

நீங்கள் அந்தக் குளிருக்குள் இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போனீர்கள். பின்னேரம் உங்கள் தம்பி, “வேலையில என்ன அவசரமாம்? உன்னைக் கூப்பிட்டவையாம் எண்டு அக்கா சொன்னவ” என்றார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் எனக்காகப் பொய்யும் சொல்லியிருக்கிறீர்கள். நான் “ஓம்” என்றேன். உங்கள் நல்லதனம் எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது. ஏன் மச்சாள், வீட்டுக்கு வந்து நாலு பேச்சுப் பேசியிருக்கக்கூடாதா? ‘என்னடி செய்தனி’ என்று ஒரு கேள்வி கேட்டிருக்கக்கூடாதா?

பிறகு இரண்டு தரம் போன் அடித்தீர்கள். நான் எடுக்கவில்லை. ஐந்தாவது கிழமை உங்கள் மகன் நிருஷன் அடித்தான். அதை எடுத்தேன். “மாமி, அம்மா எழும்புறா இல்லை” என்றான். இதயமாம். நித்திரையிலேயே.

செத்தவீட்டில் என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்து, “நகமும் சதையுமா இருந்தனீங்கள்” என்றார்கள். நான் தலையாட்டினேன். என்னைப் போல வெட்கம்கெட்டவள் இந்த ஸ்காபரோவில் இருக்க முடியாது.

போன மாதம் உங்கள் ஆட்டைத் திவசம். வருடம் ஒன்று போய்விட்டது. அதற்கு இரண்டு கிழமைக்கு முதல் நிருஷன் போன் எடுத்தான். “மாமி, உங்கட போன்ல அம்மாட வொயிஸ் மெசேஜ் ஏதும் இருக்கா? நிறையக் குடுத்தாத்தான் ரியலா வரும்” என்றான். கொம்பியூற்றரைக் கொண்டு உங்களைப் பேசவைக்கப் போகிறானாம். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதற்குப் பக்கத்தில், இன்னும் கேட்கவில்லை என்று ஒரு சின்னப் புள்ளி. “என்னட்ட ஒண்டும் இல்லையப்பு” என்று சொல்லிவிட்டேன்.

திவசத்துக்கு வாடகைக்கு எடுத்த ஹோலில் பூசை முடிந்தது. சாப்பாட்டுக்கு முதல் விளக்கை அணைத்தார்கள். திரையில் உங்கள் படம், அந்தப் பச்சைச் சேலைப் படம். உதடு அசைந்தது. உங்கள் குரல் வந்தது, மச்சாள். இடையில் அந்தச் சின்னச் செருமல்கூட வந்தது.

“எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. நான் எங்கயும் போகலை, உங்க கூடத்தான் இருக்கேன். யாரும் அழக்கூடாது, சரியா? சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

ஹோல் முழுக்க அழுகை. நிருஷன் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். குரல் உங்களுடையது. பேச்சு சென்னை தொலைக்காட்சியில் கோலப்போட்டி நடத்துகிற பிள்ளையுடையது. வாழ்நாளில் ஒருநாள்கூட நீங்கள் அப்படிக் கதைத்ததில்லை. அந்தக் கொம்பியூற்றர் எவ்வளவு பாடுபட்டு, எவ்வளவு பாசத்தோடு, எவ்வளவு பிழையாக உங்களைப் போல நடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினேன். தோள் குலுங்கியது. நான் அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த அன்ரி முதுகைத் தடவி, “அழாதேங்கோ பிள்ளை” என்றா. அது இன்னும் மோசமாகிவிட்டது. சத்தம் வெளியே வந்துவிட்டது. இருமலாக மாற்றப் பார்த்தேன், முடியவில்லை. ‘ஐயோ மச்சாள், பாருங்கோவன் உவனை’ என்று உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கை தானாகவே இடப்பக்கம் போனது. அங்கே அந்த அன்ரிதான் இருந்தா.

அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பால்கடையில் நின்ற அந்தப் பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்த்தும் சிரிக்கவில்லை. எங்களைப் போல நடிப்பது லேசு என்று நினைத்து வந்து, ஒரு வசனம்கூடச் சரியாக வராமல் கழுத்தை ஆட்டிக்கொண்டு நின்ற அந்த மடையனைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள். அப்படித்தானே, மச்சாள்? சரியென்று சொல்ல நீங்கள் இல்லை. நீங்கள் தீர்ப்புச் சொல்கிற காரை நான்தானே ஓட்டிக்கொண்டு போனேன்.

ஹோலில் ஒருவரும் என்னோடு சாப்பிட இருக்கவில்லை. மச்சாள் செத்தது எனக்குச் சந்தோசமாம், வாசலில் நின்று இரண்டு பேர் சொன்னது என் காதில் விழுந்தது. காருக்குள் உங்கள் தம்பி, “பெடியன் அழுதுகொண்டு நிக்கிறான், நீ சிரிக்கிறாய். உனக்கு என்ன விசரே?” என்றார். நிருஷன் அன்றைக்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை. அது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரிகிறது.

போன செவ்வாய் அந்த ரொக்கற் படம் முடிந்து காருக்குள் வந்து இருந்தேன். பெல்ற் போடவில்லை. போனை எடுத்து உங்கள் செய்தியை அமத்தினேன். ஒரு வருடத்துக்கு மேலாக எனக்காகக் காத்திருந்த ஏச்சு அதற்குள் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். காற்றுச் சத்தம். உங்களுக்கு மூச்சு வாங்குகிறது.

“மச்சாள், படம் முடிஞ்சுது. ரொய்லற்றிலயும் பாத்தன், உங்களைக் காணேல்லை. வெளியில வந்து பாத்தா எங்கட கார் நிண்ட இடத்தில வேற கார் நிக்குது. நான்தான் பிழையான கதவால வந்திட்டன் போல. நீங்கள் அங்கேயே நில்லுங்கோ, அசையாதேங்கோ, நான் மற்றக் கதவால வாறன். உங்கட ரண்டாவது றோல்ஸை நான் தொடேல்லை, பத்திரமா இருக்கு. வந்து சொல்லுறன், உந்தப் படத்தைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கு.”

அவ்வளவுதான். தியேட்டர் இருக்கிற அந்தக் கடைத்தொகுதிக்கு எத்தனை கதவு, மச்சாள்? அந்தக் குளிருக்குள் எத்தனை கதவுக்குப் போய்ப் பார்த்தீர்கள்? நான் உங்களை விட்டுவிட்டுப் போயிருப்பேன் என்று எத்தனையாவது கதவில் உங்களுக்கு விளங்கியது? அல்லது வீடு போய்ச் சேரும்வரை விளங்கவே இல்லையா?

வருகிற செவ்வாய் நான் படத்துக்குப் போகமாட்டேன். பத்து மணிக்கு வெக்ஸ்போர்ட்டில் உங்கள் கட்டட வாசலில் காரை நிறுத்துவேன். நிருஷன் கதவைத் திறக்காவிட்டால் திறக்கும்வரை நிற்பேன். உங்கள் செய்தியை அவனுக்குக் கேட்கக் கொடுப்பேன், உங்கள் சொந்தக் குரலில், உங்கள் சொந்தப் பேச்சில். கேட்டுமுடிய அவன், “ஏன் மாமி, அண்டைக்குக் கார் எங்க?” என்று கேட்பான். உங்களைப் போல நான் பொய் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னாலும், இந்தத் தடவை இடையில் எழும்பிப் போகமாட்டேன் என்று உங்களுக்குச் சத்தியம் செய்கிறேன்.

இப்படிக்கு,
பிழையான கதவால் வெளியே போன
உங்கள் தம்பி பெண்சாதி, உங்கள் மச்சாள்,
பவானி