நீ பார்த்ததை எழுது

ஜவ்வாது மலை,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

என் வாணிக்கு,

அபிநயா எழுதுகிறேன். இங்கு யாவரும் நலம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போக எனக்கும் ஆசைதான். ஆனால் நான் நலமா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதமே. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் புதிய கலசப்பாக்கத்துப் பள்ளியில் நூலகத்துக்குத் தனி அறை இருக்கிறது என்று நம் விடுதிக் கீதாஞ்சலி சொன்னாள். உண்மையா? ஒரு தடவைக்கு எத்தனை புத்தகம் தருவார்கள்?

உன் அப்பாவின் போனுக்குப் பலமுறை கூப்பிட்டேன். "அவ ஆஸ்டல்ல கீறா கண்ணு, படிக்கட்டும் வுடு" என்று சொல்லி வைத்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதனால்தான் விடுதி முகவரிக்கு எழுதுகிறேன்.

நான் இப்போது வீட்டில் இருக்கிறேன். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் எனக்கு மார்ச் மாதம் போலவே மறுபடியும் வந்தது. வந்தது என்றுதான் நினைக்கிறேன். அறிவியல் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது தரையும் நாக்கில் ரத்தமும். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலித்தது. அம்மாவும் அப்பாவும் சாமைக் காட்டில் இருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. நம் பள்ளித் தலைமையாசிரியை, இது என்னவென்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால் விடுதியில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பயப்படுகிறார்.

அம்மா என்னை அடுப்பு மூட்ட விடுவதில்லை. கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. நான் வாசலில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு மாதம்மாள் அத்தை தன் மகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார். அதனால் நிறையப் படிக்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலை இரண்டு முறை முடித்துவிட்டேன். சந்தேகம் கேட்கத்தான் ஆள் இல்லை.

போன வாரம் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அமிர்தி வரை ஜீப், அங்கிருந்து பஸ். மூளையின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. என்ற சோதனை. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வர வேண்டும் என்று சீட்டில் ஆங்கிலத்தில் இருந்ததை அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. "பரட்டைத் தலையோட போனா மலைக்காரங்க இப்டித்தான்னு சொல்லுவாங்க" என்று ஒரு கை விளக்கெண்ணெய் தேய்த்து, இழுத்துப் பின்னி, ரிப்பனும் கட்டிவிட்டார். அம்மா எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். அதனால் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

அங்கே சோதனை எடுக்கும் கல்பனா அக்கா என் தலையைத் தொட்டுவிட்டு, "இன்னாம்மா இது, பொண்ணு தலையில வடை சுடலாம் போலக்கீதே" என்றார். எண்ணெய் இருந்தால் தலையில் வைக்கும் மின்முனைகள் ஒட்டாதாம். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் குழாயடியில் ஷாம்பு பாக்கெட் வாங்கி மூன்று தடவை அலசினோம். அம்மா தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்பா கையில் ரிப்பனைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

வாணி, நீ பயப்படுவாய் என்பதால் எழுதுகிறேன், அந்தச் சோதனையில் ஊசி இல்லை, ஷாக் இல்லை. கல்பனா அக்கா டேப் வைத்து, மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பின்தலை மேடு வரைக்கும் அளந்தார். அந்த நீளத்தை நூற்றில் பத்துப் பங்கு, இருபது பங்கு என்று பிரித்துச் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எழுத்து, ஓர் எண். ஒற்றைப்படை எண் என்றால் மூளையின் இடப்பக்கம், இரட்டைப்படை என்றால் வலப்பக்கம். நடுக்கோட்டில் எண்ணே கிடையாது, இசட் என்ற எழுத்துதான். புள்ளிகளில் பசை தடவி, மின்முனை என்ற சின்னக் கிண்ணிகளை ஒட்டினார். எல்லாக் கிண்ணியிலிருந்தும் ஒயர். என்னைப் பார்த்தால் நீ சிரித்திருப்பாய்.

திரையில் பதினாறு கோடுகள் ஓடின. அலைகளுக்குப் பெயர் இருக்கிறது. ஒரு நொடிக்கு எத்தனை அலை என்பதை வைத்துப் பெயர். விழிப்பாக யோசிக்கும்போது வருவது பீட்டா, பொடிப்பொடியாக வேகமாக இருக்கும். கண்ணை மூடிச் சும்மா இருந்தால் பின்தலையில் ஆல்பா, நொடிக்குப் பத்துப்போல. தூக்கம் சொக்கும்போது தீட்டா. ஆழ்ந்த தூக்கத்தில் டெல்டா, பெரிதாக, மெதுவாக. கண்ணைத் திறந்தால் ஆல்பா போய்விடும். வலிப்பு உள்ளவர்களுக்குச் சில சமயம் முள் மாதிரி ஒரு கூர்மை வரும், அதற்கு ஸ்பைக் என்று பெயர். "அடுப்பு ஊதற மாதிரி ஊது கண்ணு" என்று மூன்று நிமிடம் ஊதச் சொன்னார். அப்புறம் கண்ணுக்கு எதிரே விளக்கை மின்ன வைத்தார். இவை ஒளிந்திருக்கும் ஸ்பைக்கை வெளியே கொண்டுவருவதற்காம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. கல்பனா அக்கா கோடுகளை மட்டும் பார்க்கவில்லை, என்னையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எச்சில் விழுங்கினால் அந்த இடத்தில் 'விழுங்கினாள்' என்று தட்டெழுதினார். கண் சிமிட்டினால் அதையும். அம்மா இருமியதைக்கூட எழுதினார். ஏன் என்று கேட்டேன். கண் சிமிட்டினாலும் கோடு துள்ளுமாம், பல்லைக் கடித்தாலும் துள்ளுமாம். அதெல்லாம் மூளையிலிருந்து வருவதில்லை, அதற்கு ஆர்ட்டிஃபேக்ட் என்று பெயர். "பக்கத்துல ஒருத்தர் பாத்து எழுதலன்னா, அப்புறம் படிக்கிறவருக்கு எது இன்னான்னு தெரியாது" என்றார்.

டாக்டர் பஞ்சாட்சரம் படித்துப் பார்த்து, ஸ்பைக் எதுவும் இல்லை என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். டாக்டர் சிரித்து, "அவசரப்படாதீங்கம்மா. அரை மணி நேரம் பதிஞ்சோம், அந்த அரை மணி நேரத்துல வரல, அவ்ளோதான்" என்றார். பிறகு, வந்தபோது யார் பார்த்தது என்று கேட்டார். உடம்பின் ஒரு பக்கத்தில் ஆரம்பித்ததா, இரண்டு பக்கமும் ஒன்றாக ஆரம்பித்ததா என்று தெரிந்தால்தான் எந்த மாத்திரை என்று முடிவு செய்ய முடியுமாம். தெரியாமல் கொடுத்தால் சில மாத்திரை வலிப்பை இன்னும் அதிகமாக்கிவிடுமாம். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

மார்ச் மாதம் அன்றைக்கு நம் விடுதித் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நாம் இருவரும் தட்டு கழுவிக்கொண்டிருந்தோம். நீ ஏதோ கேட்டாய். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்து நான் பார்த்தது வார்டன் அறை மின்விசிறி, என் கையில் ஒரு சாவிக்கொத்து. வார்டனைக் கேட்டால் வெயில் மயக்கம் என்கிறார். சமையல்கார அக்கா, "சாமி எறங்குச்சி, வுடு" என்கிறார். கீதாஞ்சலி தான் பிறகுதான் வந்ததாகச் சொல்கிறாள். எல்லோரும் பிறகுதான் வந்தார்கள் வாணி. ஓடிப்போய் அவர்களைக் கூட்டிவந்தவள் நீ. நீ ஓடாமல் இருந்திருந்தால் யாருமே வந்திருக்க மாட்டார்கள்.

அதனால் எழுது. என் தலை எந்தப் பக்கம் திரும்பியது? எந்தக் கை முதலில் இழுத்தது? கண் திறந்திருந்ததா? கத்தினேனா? அதற்கு முன்னால் ஏதாவது உளறினேனா? ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்றே எழுது, அதுவும் டாக்டருக்கு உதவுமாம். அசிங்கமாக இருந்தால் அசிங்கமாக என்று எழுது. வாயில் நுரை வந்ததா, பாவாடை நனைந்ததா, எதையும் விடாதே. நான் வருத்தப்பட மாட்டேன். உனக்குப் பயமாக இருந்தது என்றால் அதையும் எழுது. இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று டாக்டர் சொன்னார். உனக்காகச் சொல்லவில்லை, யாராவது கேட்டால் சொல்வதற்காக.

அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் அங்கே போக வேண்டும். பார்த்தவர் நேரில் வந்து சொன்னால் ரொம்ப நல்லது என்று டாக்டர் சொன்னார். கலசப்பாக்கம் வழியாக வேலூருக்கு நிறைய பஸ் இருக்கிறதாம், அப்பா விசாரித்து வைத்திருக்கிறார். சும்மா எழுதினேன். நீ எழுதி அனுப்பினாலே போதும்.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. இந்த வருடம் உனக்கு நல்லபடியாக அமைய வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் நான்கூட இல்லை வாணி, நீ மட்டும்தான் இருந்தாய்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கு. அபிநயா